பறவைகளுக்கு 1798, எங்களுக்கு 1892

சனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் விடியற்காலை ஆறு மணிக்குச் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலைய வாசலில் வேன் ஏறினோம். எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர், படிப்பகத்தை நடத்தும் நாங்கள் மூன்று பேர். சென்னையிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் கழுத்தில் பைனாகுலர் தொங்க ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். வழிகாட்டியுடன் ஒருநாள் பயணம். காலையில் வேடந்தாங்கல், மதியம் மதுராந்தகம் ஏரி, சாயங்காலம் வீடு. பயணத்தின் நாயகன் லயோனல் பிளேஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக இருந்த இந்தப் பகுதிக்கு 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த ஆங்கிலேயர்.

வழிகாட்டி இளைஞர். விஷயம் தெரிந்தவர், சலிக்காமல் பேசினார். "அமெரிக்காவுக்கு ஒரு தியோடர் ரூஸ்வெல்ட்னா, நம்ம செங்கல்பட்டுக்கு லயோனல் பிளேஸ். ரூஸ்வெல்ட்டுக்கு நூறு வருஷம் முன்னாடியே பறவைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தவர்" என்று தொடங்கினார். அவர் சொன்னது இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் கதைதான். வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1798-இல் பிளேஸ் கௌல் எழுதிக் கொடுத்தார். இனி யாரும் இங்கே பறவையைச் சுடக் கூடாது. 1858-இல் ஊரார் அந்த உரிமையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். இந்திய அரசு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது 1972-இல். அதற்கு 174 ஆண்டுகள் முன்னால் எழுதப்பட்ட காகிதம் இது.

எங்கள் மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "அண்ணா, ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட போனாங்கன்னு சொன்னீங்களே, எந்த ஊர்க்காரங்க? ஊரா, சேரியா?"

வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "பறவையில எதுக்குமா சாதி?" என்றார். வேனில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் கையை இறக்கிக்கொண்டாள். நாங்களும் அந்த நேரத்தில் எதுவும் பேசவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வேடந்தாங்கல் எங்களுக்குப் பிடித்திருந்தது. ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கிளைக்குக் கிளை கூடுகள். நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் என்று வழிகாட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். ஏறக்குறைய 30 எக்டேர் ஏரிதான், ஆனால் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஏரி. சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவைக் குறைக்கும் யோசனை 2020-இல் வந்தபோது எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நாங்களும் உண்டு. பறவைகள் மேல் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. நம் வழக்கு பறவைகளோடு அல்ல, அவற்றின் கதையைச் சொல்கிறவர்களோடு.

அந்தக் கதையில் 'ஊரார்' யார்? தொண்டைமண்டலத்தில் அன்றைக்கு ஊர் என்றால் மிராசு. ஊரின் நிலம் பங்குகளாகப் பிரிந்திருக்கும். பங்கு வைத்திருப்பவர் மிராசுதாரர், பெரும்பாலும் வேளாளர், பார்ப்பனர். அவர்களுடைய உரிமை விளையும் வயலோடு நிற்காது. ஊரைச் சேர்ந்த தரிசு, காடு, மரம், ஏரி மீன் ஆகியவற்றிலும் பங்கு கேட்கும். திருக்குறளை மொழிபெயர்த்தவராக நாம் அறிந்த எல்லிஸ்தான் இந்த மிராசு உரிமையை விளக்கி ஒரு நூலே எழுதினார், 1818-இல் வெளிவந்தது. கம்பெனி நிர்வாகம் 'ஊர்' என்று அழைத்துப் பேசியது இந்தப் பங்குதாரர்களோடுதான். அவர்களுடைய வயலில் படியாளாகவும் பண்ணையாளாகவும் கிடந்தவர்களுக்குக் கலெக்டர் முன்னால் நிற்கும் இடம் இல்லை. சட்டப்படி அடிமைமுறை ஏற்கப்படாது என்ற நிலையே 1843-இல்தான் வந்தது. ஆக, "ஊரா, சேரியா" என்று எங்கள் மாணவி கேட்டது விதண்டாவாதம் அல்ல. 1798-ஐப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

மதியம் மதுராந்தகம் போனோம். ஏரிக்கரையில் நின்று வழிகாட்டி ஏரி காத்த ராமர் கதையைச் சொன்னார். வெள்ளம் வந்தது, கரை உடையும் நிலை. கலெக்டர் பிளேஸ் இரவில் கரைக்கு வந்தார். வில்லும் அம்புமாக இரண்டு பேர் கரையைக் காவல் காப்பதைக் கண்டார். கரை உடையவில்லை. ராமலட்சுமணரே காத்தார்கள் என்று நம்பி, கோயில் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார். நல்ல கதை. அதன் நம்பிக்கையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏரியைக் காத்தது யார் என்று கேட்டால் இந்த ஊரில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று கடவுள். இன்னொன்று கலெக்டர். மண் சுமந்த கூடைக்கு அந்தக் கதையில் இடமே இல்லை.

எங்களோடு வந்த மாணவர் ஒருவரின் தாத்தா நீர்க்கட்டியாக இருந்தவர். மதகைத் திறப்பது, அடைப்பது, கடைமடை வரை தண்ணீர் பாய்ச்சுவது, மழைக்காலத்தில் இரவெல்லாம் கரையில் நடந்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது இவையெல்லாம் நீர்க்கட்டியின் வேலை. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தவர்கள் தலித்துகள். கூலி என்பது அறுவடையின்போது களத்தில் அளந்து போடும் நெல். "எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணி வேணும்னு தாத்தாவுக்கு மனப்பாடம். ஆனா அந்த ஏரிப் பாசனத்துல எங்களுக்கு ஒரு காணி கிடையாது" என்று அந்த மாணவர் கரையில் நின்றபடி சொன்னார். சொன்னது எங்களிடம் மட்டும்தான். வழிகாட்டி அப்போது ஏரியின் கொள்ளளவை விளக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது பேசப்படும் 'பாரம்பரிய நீர் மேலாண்மை' என்ற சொல்லுக்குள் இந்த உழைப்பு இருக்கிறது, உழைத்தவர் இல்லை. அவருடைய அறிவு பாரம்பரியம் ஆகிவிட்டது. அவர் மட்டும் சேரியில் நின்றுவிட்டார். சுற்றுச்சூழல் அரசியலில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை முகுல் சர்மா 2017-இல் வந்த 'சாதியும் இயற்கையும்' பற்றிய தன் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

அன்றைய பயணத்தில் ஒரே ஒரு கலெக்டரின் பெயர்தான் காதில் விழுந்தது. அதே நாற்காலியில் பின்னால் உட்கார்ந்த இன்னொருவரின் பெயர் விழவே இல்லை. ஜே.எச்.ஏ. ட்ரெமன்ஹீர். 1891-இல் செங்கல்பட்டு மாவட்டப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பியவர். பிளேஸ் பறவைகளைப் பார்த்த அதே மண்ணில் அவர் பார்த்தது வேறு. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரருடையது. வேலைக்கு வர மறுத்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். கடனில் கட்டுண்ட பண்ணையாள். அரசாங்கத் தரிசைத் தர்காஸ்து போட்டு வாங்கிப் பயிர் செய்யலாம் என்றால், முதல் உரிமை மிராசுதாரருக்கு. பறையர் மனுப் போட்டால் மிராசுதாரர் குறுக்கே வருவார். நிலம் அவருக்குப் போகும், அல்லது யாருக்கும் போகாமல் கிடக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். செங்கல்பட்டுச் சீமையில் 'காடு', 'தரிசு', 'புறம்போக்கு' என்பவை மனிதர் கால் படாத இடங்கள் அல்ல. அவை வருவாய்த் துறையின் சொற்கள். ஒரு நிலம் ஏன் தரிசாகக் கிடந்தது என்று கேட்டால், பல இடங்களில் அதற்கு விடை மண்ணிலோ மழையிலோ இல்லை. சேரிக்காரர் சொந்தமாக ஏர் பிடித்துவிட்டால் நாளைக்குத் தன் வயலில் நாற்று நட ஆள் வராது என்ற மிராசுதாரரின் பயத்தில் இருக்கிறது. பயணக் குழுக்கள் இயற்கை என்று கைகாட்டும் நிலத்தில் சாதியின் கைரேகையும் இருக்கிறது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ட்ரெமன்ஹீரின் அறிக்கை, மிஷனரிகளின் முறையீடுகள், நம்மவர்கள் நடத்திய கிளர்ச்சிகள் எல்லாம் சேர்ந்து 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணையாக வந்தன. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். இதுதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

1798, 1892. இடையில் 94 ஆண்டுகள். ஒரே மாவட்டம். நாரைகளின் கூட்டுக்கு எழுத்தில் பாதுகாப்பு வந்து 94 ஆண்டுகள் கழித்துத்தான் சேரிக்காரரின் கால் வைக்கும் மண்ணைப் பற்றி அரசு ஒரு தாள் எழுதியது. வரிசை எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறோம். பறவைகளின் பெயரால் மாவட்டத்துக்குப் பயணம் போகிறவர்கள் இரண்டாவது தாளையும் படித்திருக்க வேண்டாமா?

வழிகாட்டி ரூஸ்வெல்ட்டின் பெயரை எடுத்ததால் அங்கும் போய் வருவோம். 1901 முதல் 1909 வரை அமெரிக்க அதிபராக இருந்த அவர் ஏறக்குறைய 23 கோடி ஏக்கரைக் காடுகளாகவும் பூங்காக்களாகவும் சரணாலயங்களாகவும் பாதுகாத்தார். உலகமே மெச்சும் சாதனை. ஆனால் அமெரிக்காவின் 'காட்டு' நிலங்கள் பல, பூர்வகுடிகள் வாழ்ந்து வெளியேற்றப்பட்ட நிலங்கள். 1908-இல் மொன்டானா மாநிலத்தில் பைசன் என்னும் காட்டெருதுகளுக்காக ஒரு சரணாலயம் அமைத்தார் ரூஸ்வெல்ட். 18,000 ஏக்கருக்கு மேல். அது சாலிஷ், கூட்டனாய் மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தின் நடுவிலிருந்து அவர்களின் சம்மதமில்லாமல் எடுக்கப்பட்டது. அழிய இருந்த பைசன்களை அதற்கு முன்பே வளர்த்துக் காப்பாற்றி வைத்திருந்தவர்களும் அந்த மக்களே.

கதை அங்கே முடியவில்லை. அந்த மக்கள் விடவில்லை. நிலத்தை எடுத்தது அரசமைப்புக்கு விரோதம் என்று 1971-இல் நீதிமன்றம் சொன்னது. 2020 டிசம்பரில் சட்டம் இயற்றி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அங்கே பைசன்கள் மேய்கின்றன, பார்க்க மக்கள் வருகிறார்கள். அழைத்துக்கொண்டு போய்க் காட்டுகிறவர்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். 'நிலத்தை அவர்களிடம் கொடுத்தால் இயற்கை அழிந்துவிடும்' என்று இங்கே மேடை போட்டுப் பேசுகிறவர்கள் மொன்டானாவைப் பார்க்கட்டும்.

நம் பக்கத்தில் நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1994-இல் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போராடியவர்கள் மீது காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நாம் கூடுகிறோம். எங்கள் வேன் அன்று செங்கல்பட்டு வழியாகத்தான் போனது, வந்தது. ஒரு சொல் இல்லை. சாலையோரத் தேநீர்க் கடைக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதிகூட அந்த இருவருக்கு ஒதுக்கப்படவில்லை.

இன்னொரு கூட்டமும் விடுபட்டது. இருளர்கள். இந்த மாவட்டத்தின் புதர்க்காட்டையும் வரப்பையும் அவர்களைவிட அறிந்தவர் எவரும் இல்லை. ஒருகாலத்தில் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972 சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை மூடின. இயற்கையைக் காக்கும் சட்டம் வந்தபோது முதலில் அடுப்பு அணைந்தது அவர்கள் வீட்டில். 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிமருந்து அந்த விஷத்திலிருந்து தயாராகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வந்தது. விருது வந்த சமூகத்தில் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் மனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நடையாய் நடக்கின்றன. செங்கல்சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்களிலும் அவர்களே அதிகம்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருளர்களை விட்டுவிட்டது அந்த வழிகாட்டி மட்டுமல்ல. நம் கூட்டங்களிலும் அவர்கள் பெயர் எத்தனை முறை வருகிறது? வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது; நம் தோழர்களில் எத்தனை பேர் அதைப் பிரித்துப் படித்திருக்கிறோம்? ஏரி, பறவை, காடு என்றாலே அது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று நாமே ஒதுங்கிக்கொண்டோம். நாம் ஒதுங்கிய இடத்தில்தான் "பறவையில எதுக்குமா சாதி" என்ற பேச்சு வந்து உட்கார்ந்தது.

நம் தலைவர்கள் ஒதுங்கவில்லை. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்ட மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம் எல்லாவற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்பதே அதன் சாரம். மூன்றாண்டு கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். ஆடுமாடு குடிக்கும் குளத்தில் மனிதன் வாய் வைக்கக் கூடாது என்றிருந்த நாடு இது. நீரைத் தொடும் உரிமைக்கு நடந்த அந்தப் போராட்டங்களைச் சுற்றுச்சூழல் வரலாற்றில் யாரும் எழுதுவதில்லை. நம் சூழலியல் அங்கேதான் தொடங்குகிறது என்கிறோம் நாங்கள். ஒரு நீர்நிலையைக் காப்பாற்று என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன்னால், அதில் அவருக்குப் பங்கு உண்டா என்று கேட்க வேண்டும்.

எனவே, எங்கள் படிப்பகத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். நாங்களே ஒரு பயணம் நடத்தப் போகிறோம். வேடந்தாங்கல் கட்டாயம் உண்டு; பிளேஸின் கௌலையும் சொல்வோம், மறைக்க மாட்டோம். மதுராந்தகம் ஏரிக்கரையில் அந்த மாணவர் தன் தாத்தாவின் வேலையை மதகருகே நின்று விளக்குவார். பிறகு கோழியாளம். செங்கல்பட்டில் இறங்கி, 1891 அறிக்கையையும் 1994 அக்டோபரையும் பேசுவோம். வடநெம்மேலிக்குப் போய் இருளர்கள் பேச நாம் கேட்போம். காரணையில் முடிப்போம்.

பிற ஊர்த் தோழர்களும் இதைச் செய்யலாம். போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இப்போதைய பதிவேடு மட்டும் போதாது. 1980-களில் நடந்த யூ.டி.ஆர். எனப்படும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய பதிவேட்டையும் கேட்டு, இரண்டையும் சர்வே எண் வாரியாக ஒப்பிடுங்கள். பழையதில் டி.சி. நிலம் என்று குறித்திருந்து புதியதில் வேறு பெயர் இருந்தால், உங்கள் பயணத்தின் முதல் நிறுத்தம் அந்தச் சர்வே எண்தான். இந்த நிலத்தை மற்றவர்க்கு விற்றது செல்லாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அந்தத் தீர்ப்புகளையும் கையில் வைத்திருங்கள். ஏரிக்கரையில் மூத்தவர்கள் இருந்தால் கைபேசியில் அவர்கள் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். மதகின் பெயர், கழனியின் பெயர், தண்ணீர் விட்ட முறை எல்லாம் அவர்களோடு போய்விடும்.

லயோனல் பிளேஸின் பெயரை அழிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக வாசலில் குதிரை மேல் ரூஸ்வெல்ட்டும், கீழே நடந்தபடி ஒரு பூர்வகுடியும் ஓர் ஆப்பிரிக்கரும் இருந்த சிலையை 2022 சனவரியில் அகற்றினார்கள். நம் ஊரில் பிளேஸுக்குப் பக்கத்தில் நடக்கும் உருவமாகக்கூட நம்மை யாரும் செதுக்கவில்லை. அகற்றுவதற்கு இங்கே ஒன்றுமில்லை. சேர்ப்பதற்குத்தான் நிறைய இருக்கிறது.

திரும்பி வரும்போது வேனில் அந்த மாணவி எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் கேட்டது தப்பாங்கண்ணா?" என்றாள். தப்பில்லை என்றோம். சிங்கப்பெருமாள் கோயில் வரும் வரை அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். எங்கள் பயணத்தின் முதல் வழிகாட்டி அவள்தான். அவள் பேசும்போது யாரேனும் பறவையில் ஏது சாதி என்று கேட்டால், இந்த முறை நாங்கள் வாய் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஜெய்பீம்.